அழகுக்கு எரிந்த விளக்கு

பின்தெரு அரிசி மில்லில் இன்று பெல்ட் நழுவியது. காலை பத்து மணி இருக்கும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. மோட்டார் எடுத்த வேகத்துக்குப் பெல்ட் ஈடு கொடுக்கவில்லை. நீளமாக ஒரு கிறீச்சல். அப்புறம் ஜன்னல் வழியாக அந்த வாசனை. சூடேறிய ரப்பர், கூடவே கொஞ்சம் தவிடு.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிப் பல மாதங்கள் ஆகின்றன. இன்று உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான்.

களைப்பாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் வெயில் மட்டும் காரணமில்லை. ஒரு விஷயத்தைத் தூக்கிக்கொண்டே வகுப்புக்குப் போகிறேன். அதைத் தூக்கிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறேன். முழங்காலிடும்போதும் அது கூடவே இறங்குகிறது.

உன் வண்டிக்கு மூன்று வாசனை. ரப்பர், பழைய தோல், வெங்காயம். முதல் இரண்டும் அதனுடையவை. மூன்றாவது உங்கள் மண்டியுடையது. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது விட்டுப்போன கார். பச்சை நிறம். இரண்டே இருக்கை. கூரை என்று பெயருக்கு ஒரு கித்தான். வெங்காய மூட்டைகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் நடுவில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினாய். ஊரே கூடி நின்றது. "தவக்கள மாதிரியில்ல இருக்கு!" என்றான் மூட்டை தூக்குகிற ஒருவன். உன் அப்பா ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். "ரெண்டு மூட வெங்காயம் ஏத்த முடியாது. இதெல்லாம் ஒரு வண்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மதுரையில் கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. இன்டர்மீடியட்டோடு நீ மண்டிக்குத் திரும்பிவிட்டாய். நான் எம்.ஏ. வரைக்கும் போய், ஊர் திரும்பி, வாத்தியார் ஆனேன். வண்டியோடு ஒரு கையேடு வந்திருந்தது. இங்கிலீஷ். எண்ணெய்க் கறை படிந்த அட்டை. அதை என் மேஜை மேல் போட்டாய்.

"நீ படிச்சவன்தானலே. படி."

படித்தேன். இலக்கியம் தராத நிம்மதியை அந்தப் புத்தகம் தந்தது. அதில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

முகப்புப் பலகையில் மூன்று சின்ன விளக்குகள். பட்டாணி அளவுதான் ஒவ்வொன்றும். நீலம் எரிந்தால் முன்விளக்கின் ஒளி உயரத் தூக்கியிருக்கிறது. பச்சை எரிந்தால் பெட்ரோல் தீரப் போகிறது. சிவப்பு கொஞ்சம் சிக்கலானது. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். வண்டி வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் டைனமோ மின்சாரம் தரவில்லை என்று பொருள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்வதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

உனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவள் ஆயக்குடிக்காரி. அவர்களுக்குக் கொய்யாத் தோப்பு. மாமியார் வீட்டு விருந்து முடிந்து அவளை அந்த வண்டியில் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தாய். பட்டுப்புடவை. காற்றுக்குத் தலையில் முக்காடு. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அவள் கேட்டாளாம், "ஏனுங்க, இந்தச் செவப்பு எதுக்குங்க எரியுது?"

உனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. புது மாப்பிள்ளை.

"அது அழகுக்கு" என்றாய்.

நாலு மைல். ரெட்டியார்சத்திரம் வரும் முன்பே முன்பக்கத்திலிருந்து ஆவி பீறிட்டது. உச்சி வெயில். ஆடு மேய்க்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு பால்காரர், எல்லோரும் கூடிவிட்டார்கள். "உள்ள அடுப்பு வச்சிருக்கீங்களாண்ணே?" என்று எவனோ கேட்டான். கூட்டம் சிரித்தது. அவள் இறங்கினாள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பழனி போகிற பஸ் வந்தது. ஏறினாள். ஊர் வந்து சேர வேண்டியவள், வந்த வழியே போய்விட்டாள்.

வண்டி நின்ற வெட்கத்தில் போனாள் என்று நீ நினைத்தாய். ஒரு வாரம் வீறாப்பாக இருந்தாய். அப்புறம் ஒரு கடிதம் போட்டாய். பதில் வந்தது. அந்த இன்லேண்ட் கடிதத்தை என் முன்னால் விரித்தாய். கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. நாலே வரி.

நான் திரும்பி வந்தது வண்டி நின்றதற்காக இல்லை. எரிகிறது எதற்கென்று கேட்டேன். பொய் சொன்னீர்கள். எரிகிறதை என்னிடம் மறைக்காதவர் என்றால் வந்து கூப்பிடவும்.

நான் இரண்டு முறை படித்தேன். எம்.ஏ. வகுப்பில் யாரும் இப்படி எழுதியதில்லை.

"என்னலே செய்றது?" என்றாய்.

"முதல்ல அது ஏன் எரியுதுன்னு பாப்போம்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், மண்டி முற்றத்தில். நான் பூசை முடிந்து நேரே வருவேன். நீ சட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே படுத்திருப்பாய். முதலில் லாரி ரிப்பேர் பார்க்கிற பாயைக் கூட்டி வந்தோம். அவர் உள்ளே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "இது வண்டியில்ல தம்பி, கைக்கடிகாரம். கடிகாரக் கடைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மிஞ்சியது நாம் இருவரும் கையேடும்.

நான் வாசிப்பேன். நீ தொட்டுப் பார்ப்பாய். டைனமோ கம்பி தளர்ந்திருக்கிறதா? இல்லை. உள்ளே கார்பன் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா? இல்லை. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தோம். சாவியைத் திருப்பினால் சிவப்பு எரிந்தது. முடுக்கினால் அணைந்தது. பழனி ரோட்டில் ஓட்டிப் போனால் பத்து மைலுக்கு ஒன்றுமில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மறுபடி எரிந்தது. முதலில் மங்கலாக, அப்புறம் முழுதாக. கூடவே அந்த ரப்பர் வாசனை.

சூட்டுக்கும் அதற்கும் என்ன உறவு என்று யோசித்தேன். கையேட்டில் ஒரு வரி இருந்தது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. அழுத்தினேன். விரல் முழுசாக உள்ளே போனது.

"இது எங்க வாங்குன பெல்ட்டு?"

நீ வேறு பக்கம் பார்த்தாய். "கெணத்து மோட்டாருக்குப் போடுறது. பழசு அந்துபோச்சு. அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். சுத்தணும், அம்புட்டுதான?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கிலீஷ்காரன் பந்தயத்துக்குச் செய்த வண்டி. அதைச் சுற்றிக்கொண்டிருந்தது கொய்யாத் தோப்புக்குத் தண்ணீர் இறைக்கிற வகைப் பெல்ட். சூடேறினால் அது இளகும். இளகினால் நழுவும். நழுவினால் டைனமோ சுற்றாது, சிவப்பு எரியும். அதே பெல்ட்தான் எஞ்சினுக்குத் தண்ணீரையும் தள்ளுகிறது. ஆகவே சிவப்பு எரிந்த பத்து நிமிஷத்தில் எஞ்சின் வெந்துவிடும்.

இதை உனக்கு விளக்கியபோது நீ சிரிக்கவில்லை. கையில் கிரீஸோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாய்.

"அப்ப அது அவகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு" என்றாய். "நான்தான் அழகுக்குன்னேன்."

சென்னைக்கு எழுதிப் போட்டோம். சரியான பெல்ட் வரவில்லை. டைனமோவைத் தள்ளித் தள்ளி அதன் கடைசி எல்லையில் வைத்து முடுக்கினோம். இன்னொரு மோட்டார் பெல்ட்டை இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டோம், அறுந்தால் மாற்ற.

புறப்பட்ட அன்று நீ வேட்டியை மூன்று தடவை மாற்றிக் கட்டினாய். நான் கூட வந்தேன். விளக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னாய். உண்மையில் தனியாகப் போகப் பயம். "போறப்ப நீ எம் பொண்டாட்டி சீட்டுல. வாரப்ப உனக்குப் பஸ்ஸு" என்றாய். வழியெல்லாம் நான் சாலையைப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புப் பட்டாணியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆயக்குடி வரை அது எரியவே இல்லை.

அவள் அம்மா இலை போட்டார். சாப்பிட்டோம். அவள் பரிமாற வரவில்லை. கை கழுவிவிட்டு வெளியே வந்தால் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். நீ ஓட்டுகிற இடத்தில்.

"ஏனுங்கண்ணா, நீங்க சொல்லுங்க. அவரு சொன்னா நம்பமாட்டேனுங்க."

நீலம், பச்சை, சிவப்பு, ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெல்ட்டைக் காட்டினேன். கட்டைவிரலால் அவளும் அழுத்திப் பார்த்தாள். மோட்டார் பெல்ட் என்றதும் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி, உன்னை அந்த இடத்தில் உட்காரச் சொல்லி, சாவியைத் திருப்பச் சொன்னாள்.

"இப்ப எரியுதுங்களே, இது?"

"நிக்கிறப்ப எரியலாம்."

"ஓடறப்ப?"

"எரியக் கூடாது."

"எரிஞ்சா?"

"நிப்பாட்டணும்."

"நிப்பாட்டி?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "உங்கிட்டச் சொல்லணும்."

அவள் சிரித்தாள். அன்றுதான் அவள் சிரிப்பை முதன்முதலாகப் பார்த்தேன். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இனி நான் சொல்லப் போவது உனக்குத் தெரிந்த காட்சிதான். ஆனால் நீ எஞ்சினைக் கிளப்புவதில் கண்ணாக இருந்தாய். பாதிதான் பார்த்திருப்பாய்.

மகளை அனுப்பி வைக்கிற தாய், தட்டில் சந்தனம் குங்குமத்தோடு வந்தார். சக்கரத்துக்கு வைத்தார். ஸ்டீயரிங்குக்கு வைத்தார். முகப்புப் பலகைக்கு வந்து, "கண்ணு மாதிரி இருக்குதுங்க மூணும்" என்று சொல்லிக்கொண்டே மூன்று விளக்குக்கும் வைத்தார். சந்தனம் ஈரமாக இருந்தது. அதன் மேல் குங்குமம் நன்றாக அப்பிக்கொண்டது. சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் ஒரு பொட்டு இருந்தது.

நான் வண்டிக்கு வெளியே அவள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். "அந்தச் செவப்ப மறைக்குது. தொடச்சிருங்க" என்றேன். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

குங்குமம் துடைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஊரில் பிறந்தவன். ஆனால் என் வீட்டில் யாரும் குங்குமம் வைத்ததில்லை, அழித்ததும் இல்லை. தலைக்குத் தெரிந்தது நாக்குக்குத் தெரியவில்லை. எனக்கு அது கண்ணாடி மேல் இருந்த கறை.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். முந்தானை நுனியால் அந்த ஒரு விளக்கை மட்டும் துடைத்தாள். "எரிஞ்சாத் தெரியோணுமில்லீங்களா" என்றாள், அம்மாவிடம்.

அம்மாவின் கை தட்டோடு அப்படியே நின்றது. நீ கிளப்பிவிட்டாய். புழுதி.

நான் பஸ்ஸில் வந்தேன். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் உங்கள் வண்டி நின்றது. முன்மூடி திறந்திருந்தது. நடத்துநரிடம் நிறுத்தச் சொல்ல எழுந்தேன். நீ வண்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, பஸ்ஸைப் பார்த்து, போ போ என்று கை காட்டினாய். அவள் கையில் ஸ்பானர். புடவையை இடுப்பில் செருகியிருந்தாள். நீ கேட்கிறபோது கொடுப்பதற்காக அதைத் தயாராகப் பிடித்திருந்தாள்.

மறுநாள் சொன்னாய். "அவதாம்ப்பா பாத்தா. நான் ரோட்டுல கண்ணா இருந்தேன். 'நிப்பாட்டுங்க'ன்னா. நிப்பாட்டுனேன். பெல்ட்டு பாதி பிஞ்சு தொங்குது. மாத்திப் போட்டு வந்துட்டோம்." ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி இருந்தது உன் முகம்.

அதற்குப் பின் மூன்று வருஷம். நல்ல வருஷங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறினால் அவள் பார்வை முதலில் அந்தப் பலகைக்குப் போகும். உங்களைப் பார்த்துவிட்டு என் மாடி அறைக்குத் தனியாகத் திரும்பும் நாட்களில் எனக்கு எதுவும் வாசிக்கப் பிடிக்காது.

அப்புறம் என் மாடிப்படி.

பதினாறு படிகள். நீ ஒன்பதாவதில் உட்கார்ந்துவிட்டாய். நான் மேலே நின்று கூப்பிட்டேன். "செத்த நேரம் இருலே" என்றாய். உதடு நீலமாக இருந்தது. சின்ன வயதில் உனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது என்று தெரியும். இதயத்தில் அது விட்டுப்போனது என்னவென்று தெரியாது. மதுரைக்குப் போனோம், நாம் இருவர் மட்டும், பஸ்ஸில். வால்வு என்றார் டாக்டர். மருந்து எழுதினார். ஓய்வு என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன், "வீட்டுல சொல்லணுமில்ல?"

"வேணாம்."

"அவ கேட்டது அது ஒண்ணுதான்."

"தெரியும்லே." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். "இப்பத்தான் பயமில்லாமத் தூங்குறா. சொல்லாத. உங்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல."

அது உண்மை. நீ வேறெதுவும் கேட்டதில்லை.

நாலு மாதம். மாத்திரைகள் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. தினமும் சாயங்காலம் வந்து விழுங்கிவிட்டுப் போவாய். படிகளை ஏறுவது சிரமமானபோது நான் கீழே கொண்டுவந்து தந்தேன். தெருவில் நின்று பேசுகிற இரண்டு பேர் போல.

ஒரு நாள் அவளை மார்க்கெட்டில் பார்த்தேன். மாசி மாதம். வெயில் இன்னும் ஏறவில்லை. பையில் முருங்கைக்காய் எட்டிப் பார்த்தது. "ஏனுங்கண்ணா, அவருக்கு மூச்சு வாங்குதுங்களே. பாத்தீங்களா?" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வெயிலு" என்றேன்.

ஒரு சொல். அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னால் நம்புகிறவள்.

சித்திரையில் நீ போனாய். முற்பகல், மண்டியில், எடை போட்டுக்கொண்டிருக்கும்போது. மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்ததாகவும் களைப்பு என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். அவளுக்கு விஷயம் தெரிந்தது மூட்டை தூக்குகிறவன் மூலமாக.

உன் வீட்டுக் கூடத்தில் நடந்ததை நீ அறிய மாட்டாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் வாசலோரம். அவள் அம்மா அழுதுகொண்டே பழைய காட்சியை எடுத்தார். பொட்டு, விளக்கு, முந்தானை. உன் அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். "பெத்தவ வச்ச குங்குமத்த, புருசன் பக்கத்துல உக்காந்துக்கிட்டே, தன் கையால தொடச்சிருக்கா. அப்புறம் எப்படிம்மா தங்கும்?" கூடம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. யாரும் திட்டவில்லை. வெறுமனே பார்த்தார்கள். அது இன்னும் மோசம்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

என் கையில் காப்பி டம்ளர். நான் சொல்லியிருக்கலாம். துடைக்கச் சொன்னது நான் என்று. பொட்டால் ஒன்றும் ஆகவில்லை, வால்வு என்று, நாலு மாதமாக எனக்குத் தெரியும் என்று. முதலாவதைச் சொன்னால் இரண்டாவதும் வந்துவிடும் என்று பயந்தேன். டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. அவள் தலை குனிந்துகொண்டாள். பதினாறாம் நாள் அவள் அப்பா வந்து ஆயக்குடிக்கு அழைத்துப் போனார்.

வண்டி மண்டி முற்றத்திலேயே நிற்கிறது. கித்தான் கூரை கிழிந்துவிட்டது. உன் அப்பா அதன் மேல் தட்டி கட்டி வெங்காயம் காயப் போட்டிருக்கிறார். கோபத்தில் இல்லை. அவருக்கு அதை வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன மாதம் ஆயக்குடிக்குப் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே. கொய்யாப் பருவம் என்பதால் கூட்டம்.

முதலில் அவள் அம்மாவிடம் சொன்னேன். துடைக்கச் சொன்னது நான்தான், அவள் இல்லை என்று. "நீங்க வேற சாமி கும்படறவங்க. உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். "அவளுக்குத் தெரியுமில்லீங்களா?" எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

தோப்பில் அவள் கொய்யாவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கனிந்தது உள்ளூருக்கு. செங்காய் வெளியூருக்கு. கூடையில் இலை பரப்பி அடுக்கினாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். மாடிப்படி. மதுரை. டாக்டர். மேஜை இழுப்பறையில் இருந்த மாத்திரைகள்.

"எத்தன மாசமுங்க?"

"நாலு."

அவள் கை நின்றது. பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "அப்ப நான் மார்க்கெட்டுல கேட்டப்ப?"

"தெரியும்."

ஒரு கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கூடைக்கு என்று முடிவு செய்ய முடியாதவள் மாதிரி. எனக்கு அவள் திட்டினால் போதும் என்றிருந்தது.

"அந்தப் பொட்டு எனக்குப் பெருசில்லீங்கண்ணா. நீங்க சொன்னீங்க, சரி. ஆனா தொடச்சது நான். மறுபடி வச்சாலும் தொடப்பேனுங்க." குரல் உயரவே இல்லை. "இந்த நாலு மாசந்தான். தெரிஞ்சிருந்தா நானும் அவரு கூட உக்காந்து பயந்திருப்பேன். அதுக்குக்கூட என்னைய விடலியேங்க நீங்க ரெண்டு பேரும்."

நான் எதிர்பார்த்துப் போன எதுவும் அது இல்லை. மன்னிப்பும் இல்லை, சாபமும் இல்லை.

புறப்படும்போது அவளே கூப்பிட்டாள். "அடுத்த மாசம் வருவீங்களாங்க? அந்த நாலு மாசம் அவரு உங்ககிட்ட என்ன பேசினாருன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நெனப்பிருக்கிற வரைக்கும். ஒண்ணும் விட்டுறாதீங்க."

விடைத்தாள்களை ஓரம் தள்ளிவிட்டுச் சில நாட்களாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நோட்டில். நீ சொன்னவை, தேதி இல்லாமல், நினைவு வந்த வரிசையில். பெரும்பாலும் ஒன்றுமே இல்லாத பேச்சு. மாத்திரை வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கிறது என்றாய். நத்தத்து மாம்பழம் இந்த வருஷம் சீக்கிரம் வந்துவிட்டது என்றாய். வண்டிக்குச் சரியான பெல்ட் கேட்டுச் சென்னைக்கு மறுபடி எழுதச் சொன்னாய். ஒரு நாள் ஒன்றும் பேசாமல் முக்கால் மணி நேரம் தெருவில் என்னோடு நின்றாய். அதையும் எழுதியிருக்கிறேன்.

எழுதி முடிக்காமல் நிறுத்தி வைத்திருந்த ஒன்று இருந்தது. இன்றுதான் எழுதினேன்.

பங்குனியில் ஒரு சாயங்காலம். மாத்திரையை விழுங்கிவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தாய். நான் மறுபடி ஆரம்பித்தேன், அவளிடம் சொல்லிவிடலாம் என்று. நீ சுவரில் சாய்ந்துகொண்டாய். "நானாச் சொல்ல வாய் வரலலே. அவ கேக்கட்டும்னு இருக்கேன். ஒரு வார்த்த கேட்டான்னா சொல்லிருவேன். ஆனா கேக்கவே மாட்டேங்கிறா. என்னமோ கவலையில்லாம இருக்கா."

அவள் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஏற்கெனவே மார்க்கெட்டில் என்னிடம் கேட்டுவிட்டாள். பதிலும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உன்னிடம் அதைச் சொல்லாமல் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இல்லை. இந்த ஒன்றை அவள் முன்னால் உட்கார்ந்து நானே வாசிக்க வேண்டும்.